ஏழாவது கதையின் கடைசிப் பக்கம்

எங்கள் வாசகர் வட்டத்தில் கண்டிப்பான சட்டம் ஒன்றுதான். கதையைப் படிக்காமல் வருகிறவர்களுக்கு போண்டா கிடையாது.

சட்டம் போட்டவர் தேவானந்தம் சார். ரயில்வேயில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் அவர் வீட்டுக் கார் ஷெட்டில்தான் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, நாற்காலிகளைப் போட்டு, கொசுவத்தி ஏற்றிவைப்பார். படித்ததற்கு அத்தாட்சியாக யாராவது ஒருவர் கதையைத் தன் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விட்டதை எடுத்துக்கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் அபிப்பிராயம். அதற்கும் அப்புறம்தான் போண்டா.

நான் ஹெப்சி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி என்று பிள்ளைகள் சொல்வார்கள். ‘கொஞ்சம்’ என்பது அவர்களுடைய மரியாதை. கதை படிக்கப் பிடிக்கும், ஆனால் கதையைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதிலும் பட்டாபிராமன் சார் இருக்கிறாரே, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இலக்கியத்துக்கு மேலாளர். கதை என்று சொல்லமாட்டார், பிரதி என்பார். முடிந்தது என்று சொல்லமாட்டார், முடிவை மறுக்கிறது என்பார். மற்றபடி தங்கமான மனிதர்.

அந்தக் கூட்டத்தில் வாயே திறக்காதவர் ரத்தினபாய் ஆன்ட்டி. ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தவர். எங்கள் சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் உட்காருவார். அங்கிள் இறந்துவிட்டார். ஒரே மகன் எபி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எபி தன்னோடு வேலை பார்த்த ஸ்நேகாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஸ்நேகா இந்துக் குடும்பத்துப் பெண். அதற்குப் பிறகு எபி சர்ச்சுக்கு வருவதில்லை, ஆன்ட்டியும் அவன் பெயரை எடுப்பதில்லை. கோவிலம்பாக்கத்தில் குடியிருக்கிறான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். அமெரிக்கா இல்லை, ஆஸ்திரேலியா இல்லை, கோவிலம்பாக்கம். சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. எனக்கு நினைக்க நினைக்கக் கோபமாக வரும். ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயம், நான் எதுவும் கேட்டதில்லை.

அடுத்து எந்தத் தொகுப்பைப் படிப்பது என்று வழக்கமான சண்டை ஒருநாள் நடந்துகொண்டிருந்தபோது ஆன்ட்டி மெதுவாக, “வீட்ல ஒரு சிறுகதைப் புத்தகம் கெடக்கு, பழசு” என்றார். பட்டாபிராமன் சார் எழுதியவர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுதியவர் இறந்து வெகுகாலம் ஆகிறது, பதிப்பித்தவர்களும் கடையை மூடிவிட்டார்கள், கடைகளில் எங்கே தேடியும் கிடைக்காத புத்தகமாம் அது. உடனே முடிவாகிவிட்டது. ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துப் பகிர்ந்துகொள்வது, எடுத்துவருகிற வேலை வழக்கம்போல ஹெப்சிக்கு.

ஆன்ட்டி மறுநாள் புத்தகத்தை ஒரு துணிப்பையில் சுற்றிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் நீல மையில் ‘எபி, இரண்டாம் ஆண்டு’ என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்ததை ஆன்ட்டியும் பார்த்தார்.

“அவன் காலேஜ் படிக்கிறப்ப வாங்கினது மக்கா. பாத்து வச்சுக்கோ.”

தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பெயர் குப்பன். புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே, “இன்னா மேடம், தொட்டாலே தாள் தாளா பிரிஞ்சிகினு வருது? அப்பால என்னாண்ட வந்து சண்டை போடக்கூடாது” என்றார். ஒரு தாளில் இரண்டு பக்கம் வருகிற மாதிரி சுருக்கிப் போடச் சொன்னேன். பக்க எண்கள் அடியில் இருந்தன. ஓரத்தை வெட்டி ஸ்பைரல் போட்டபோது அத்தனை எண்களும் போய்விட்டன. அதை எங்கள் வட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. இலக்கியம் படிக்கிறவர்கள் பக்க எண்ணையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அந்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டது தொகுப்பின் ஏழாவது கதை. கதையைச் சொல்ல என் முறை வந்தது, சொன்னேன்.

ஒரு மளிகைக் கடைக்காரர். மகன் தன் இஷ்டத்துக்கு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். ‘என் முகத்திலேயே முழிக்காதே’ என்று அனுப்பிவிடுகிறார். அவன் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். வருஷங்கள் கழிகின்றன. ஒருநாள் பை நிறைய மாம்பழத்தோடு பஸ் ஏறுகிறார். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கிறார். ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. கதவைத் தட்டுகிறார். உள்ளே காலடிச் சத்தம் வருகிறது. தாழ்ப்பாள் நகர்கிறது.

அவ்வளவுதான். தாளைத் திருப்பினால் எட்டாவது கதை ஆரம்பித்துவிடுகிறது.

பட்டாபிராமன் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “தாழ்ப்பாள் நகர்றதோட நிறுத்தினார் பாருங்கோ, அங்கதான் அந்த மனுஷன் கலைஞன். வேற ஒருத்தனா இருந்தா கதவைத் திறந்து, கட்டிப்பிடிக்க வெச்சு, அழவெச்சு, நம்மையும் அழவெச்சிருப்பான். இந்தப் பிரதி முடிவை மறுக்கிறது” என்று ஆரம்பித்தார். போண்டா ஆறிப்போகும் அளவுக்குப் பேசினார். ஆனாலும் அன்றைக்கு அவர் நன்றாகத்தான் பேசினார். தாழ்ப்பாள் சத்தம் நம் வீட்டுக்குள்ளேயே கேட்கிற மாதிரி இருந்தது.

“எனக்குக் கணக்கு டேலி ஆகலைன்னா தூக்கம் வராது” என்றார் தேவானந்தம் சார். “ஆனா இந்தக் கதை இங்க நிக்கிறதுதான் சரின்னு படுது.”

நானும் சும்மா இருக்கவில்லை. சேர வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது, இனி நடக்க வேண்டியது தானாக நடக்கும், அதனால் அதை எழுதத் தேவையில்லை என்று வேதியியல் பாஷையில் சொன்னேன். கைதட்டினார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ரத்தினபாய் ஆன்ட்டி, “ஒரு சந்தேகம்” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் குரலைக் கூட்டத்தில் கேட்பதே அதிசயம்.

“கதவை யாரு திறப்பாங்க?”

பட்டாபிராமன் சார் பொறுமையாக விளக்கினார். “அது கேள்வியே இல்லம்மா. அவர் கிளம்பி வந்தார், தட்டினார். அதுதான் கதை. யார் திறந்தா என்ன?”

“அப்படியில்ல சார். வயசான மனுஷன் வாசல்ல நிக்காரு. யாராவது திறக்கணும்லா. யாரு?”

“மகன்தான்” என்றார் தேவானந்தம் சார். உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த அவர் மகள் ஜெரூஷா, “ஆமா, பையன்தான்” என்றாள். நானும் மகன் என்றேன். நாற்காலி நாற்காலியாக ஆன்ட்டியின் பார்வை போனது, எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் பட்டாபிராமன் சார் மிச்சம்.

“பையன்தாம்மா. வேற யாரு? அப்பா இவ்வளவு தூரம் வந்திருக்கார். வேற யாரும் திறக்கிற மாதிரி இந்தக் கதை கட்டப்படலையே.”

ஆன்ட்டி தலையாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் போண்டாவைத் தொடவில்லை. கூட்டம் கலைந்து நான் ஸ்கூட்டரைத் திருப்பும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் என்னையக் கோவிலம்பாக்கத்துல கொண்டு விடுவியா மக்கா?”

“எபி வீட்டுக்கா ஆன்ட்டி?”

“ஆமா.”

ஒரு கதையைப் படித்து மனுஷர் மனசு மாறுவதெல்லாம் மேடையில் சொல்கிற பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கதையை எழுதிய அந்தப் புண்ணியவானை வாழ்த்திக்கொண்டே போனேன்.

வாழ்த்து வியாழக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

அன்று பள்ளி விட்டு வரும்போது பட்டாபிராமன் சார் போன் செய்தார். தான் பேசியதையெல்லாம் கட்டுரையாக எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்ப உட்கார்ந்திருக்கிறார். கடைசி வரியைச் சரிபார்க்க, தாள் தாளாகப் பிரிகிற ஆன்ட்டியின் புத்தகத்தை மறுபடி புரட்ட வேண்டாம் என்று, மூலப் புத்தகம் வைத்திருந்த மதுரை நண்பர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். நண்பர் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார்.

“ஹெப்சி, கதை முடியலைம்மா” என்றார். குரல் உடைந்திருந்தது. “இன்னொரு பக்கம் இருக்கு.”

எனக்கும் அனுப்பினார். பாதிப் பக்கம்தான். சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் படித்தேன். தாழ்ப்பாள் நகர்கிறது, கதவு திறக்கிறது, முன்பின் தெரியாத ஒரு ஆள் நிற்கிறான். ‘அவங்க காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சே’ என்கிறான். எங்கே போனார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு மாம்பழப் பையை அப்படியே அந்த ஆளின் குழந்தையிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கிறார். அதுதான் கதை.

என் கோபம் எங்கே போகும்? நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். குப்பனைப் பிடித்து உலுக்காத குறை. ஒரு தாளைத் தொலைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காசு வாங்கியிருக்கிறீர்களே என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீ குடுத்ததத்தான் மேடம் அடிச்சேன்” என்றார் அவர். “ஒரு தாளு இங்க வுழுந்து கீதான்னு நீயே தேடிக்கோ. சும்மா வந்து பேஜார் பண்ணாத.”

மெஷினுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். இல்லை. அவரைத் திட்டிக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பட்டாபிராமன் சார் மறுபடி அழைத்தார். அந்தப் பக்கத்தை வட்டத்தின் வாட்ஸப் குழுவில் போடப் போகிறாராம். தப்பான பிரதியை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம், மறைப்பது வாசகருக்குச் செய்கிற துரோகம் என்றார். “போடாதீங்க சார்” என்று கெஞ்சினேன். அவருக்குக் காரணம் வேண்டியிருந்தது. ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார் என்பதைச் சொன்னேன்.



“நான் சொன்னதை நம்பியா போறா?”

“நம்ம எல்லாரும் சொன்னதை நம்பி.”

“நான் குழுவிலே போடலை. கட்டுரையும் எழுதலை” என்றார். அப்புறம் மெதுவாக, “ஆனா நீ அந்தம்மாகிட்ட சொல்லணும் ஹெப்சி. பாதிக் கதையைக் கொடுத்து ஒருத்தரை அனுப்பறது நியாயமில்லை.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் ஆன்ட்டி கிளம்ப மாட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுந்த மனசு உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுமா? சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய், அங்கே எபி முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதற்கு நாங்கள் எல்லோரும், போண்டாவும் கையுமாக உட்கார்ந்து ‘மகன்தான்’ என்று சொன்ன நாங்கள், என்ன பதில் சொல்வது? ஞாயிறு வரை இதுவே மண்டையைக் குடைந்தது.

ஆராதனை முடிந்து ஆன்ட்டி தயாராக நின்றார். வெள்ளையில் ஊதாக் கரை போட்ட சேலை, கைப்பை, ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவில் முந்திரிக்கொத்து. எபிக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர். பாசிப்பயறு வறுத்து, திரித்து, பாகு வைத்து, தனியாளாக முந்தின நாள் பூராவும் நின்று செய்திருக்கிறார். அதைப் பார்த்ததும் என் தைரியம் பாதி போய்விட்டது.

வேளச்சேரி சாலையில் செம்பாக்கம் தாண்டி, சந்தோஷபுரம் தாண்டி, மேடவாக்கத்தில் ஒரு இளநீர் வண்டி அருகே நிறுத்தினேன். குடிக்கத் தோன்றவில்லை. ஆன்ட்டி பாதி இளநீர் குடித்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

“ஆன்ட்டி, அந்த ஏழாவது கதையில கடைசிப் பக்கம் விட்டுப்போச்சு. ஜெராக்ஸ்ல. கதவைத் திறக்கிறது மகன் இல்ல.”

ஆன்ட்டி இளநீரை வண்டிக்காரரிடம் கொடுத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து பைபிளை எடுத்து, அதன் உறைக்குள் விரலை விட்டு ஒரு பழுப்புத் தாளை எடுத்தார். ஒரு பக்கம் பாதி அச்சு, மறுபக்கம் வெறும் தாள்.

“ஜெராக்ஸ்ல விடல மக்கா. நான்தான் எடுத்து வச்சேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குப்பன் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

“கல்யாணம் ஆன அன்னைக்கே அவன் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்தான்” என்றார் ஆன்ட்டி. “ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய நின்னாங்க. நான் உள்ள வாசப்படியில நின்னுட்டு, யாரு வேணும்னு கேட்டேன். பெத்த பிள்ளைகிட்ட. யாரு வேணும்னு. கேட்டைத் திறக்கல. அவன் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான்.”

சாலையில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

“அந்தப் பொண்ணு முதல் கிறிஸ்மஸுக்கு ஒரு வாழ்த்து அனுப்பிச்சு. விலாசம் அதுலதான் இருந்துச்சு. நான் பதில் போடல. அப்புறமா அவன் அலமாரியில இருந்த புத்தகமெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சேன். இந்தக் கதையப் படிச்சதுலேந்து, கிளம்பணும்னு நினைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம்தான் முன்னால வந்து நிக்கும். எனக்கும் இப்படித்தான் நடக்கும்னு. போன் அடிச்சுப் பாத்தேன், நம்பர் உபயோகத்துல இல்லன்னு வந்துச்சு. பழைய கம்பெனி குடுத்த நம்பர் அது. யார்கிட்டயும் கேக்கவும் வெக்கம். மகன் நம்பர் தாய்கிட்டயே இல்லையான்னு கேப்பாங்கல்லா?”

“அதுக்காகவா தாளை எடுத்தீங்க?”

“இந்தப் பக்கம் இல்லன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு கேக்கணும்னு இருந்துச்சு. நீங்க அத்தனை பேரும் மகன்தான்னு சொன்னீங்க. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல.”

“நாங்க பாதிதானே ஆன்ட்டி படிச்சோம்!”

“பாதி படிச்ச உங்களுக்கு நம்பிக்கை இருந்துச்சு. முழுசாப் படிச்ச நான் இத்தன நாளும் வீட்டுக்குள்ள உக்காந்திருந்தேன்.” தாளை மடிக்காமல் மறுபடி உறைக்குள் வைத்தார். “அந்த சார்கிட்ட இப்போதைக்குச் சொல்லிராத. எவ்வளவு அழகாப் பேசினாரு, பாவம்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வண்டியை எடுத்தேன்.

கோவிலம்பாக்கத்தில் அந்தத் தெருவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மூன்று மாடிக் கட்டிடம், வீடு முதல் மாடியில். ஆன்ட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். டப்பாவை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கதவைத் தட்டினார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் வந்தது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

இங்கே நிறுத்தினால் பட்டாபிராமன் சார் எழுந்து நின்று கைதட்டுவார். நான் நிறுத்தப்போவதில்லை.

கதவைத் திறந்தது நைட்டி போட்ட ஒரு பெண். கையெல்லாம் சப்பாத்தி மாவு. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாரு வேணும்?”

நான் ஆன்ட்டியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எபி...” என்றார்.

“அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஆறு மாசம் ஆகுதுங்களே.”

அச்சில் படித்த வரி. அப்படியே என் காதில் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் கார் ஷெட்டையும், போண்டாவையும், என் வேதியியல் வியாக்கியானத்தையும் மனசுக்குள் சபித்தேன். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

“இருங்க, இருங்க” என்றாள் அந்தப் பெண். “நீங்க அவரோட அம்மாவா?”

ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார்.

“உள்ள வாங்கம்மா, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க” என்று கதவை முழுசாகத் திறந்தாள். மாவுக் கையை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நாங்க வீடு பாக்க வந்தப்பவே சொன்னாருங்க. எங்க அம்மா இங்க ஒருநாள் வருவாங்க, எப்போன்னு தெரியாது, வந்தா ‘போயிட்டாங்க’ன்னு மட்டும் சொல்லி அனுப்பிடாதீங்க, உக்கார வெச்சு எனக்கு ஒரு போன் போடுங்கன்னாரு. சாவி குடுக்கும்போது மறுபடியும் சொன்னாரு. இவ்ளோ சொல்றாரே, அந்தம்மாவையே நேரா கூப்பிட்டுச் சொல்லிடலாமேன்னு எங்க வீட்டுக்காரர்கூட கிண்டல் பண்ணாரு. அவங்களா வரணுங்கன்னு சிரிச்சாரு.”

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அவனும் படிச்சிருக்கான் மக்கா” என்றார் என்னிடம். “இந்தப் பக்கத்தை அவனும் படிச்சிருக்கான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகம் அவனுடையது அல்லவா? அதே பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டு அம்மா பயந்து வீட்டில் உட்கார்ந்தார். மகன் காலி செய்த வீட்டில் ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அழுதேன். அந்தப் பெண் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் செல்போனில் எபியின் எண்ணை ‘பழைய டெனன்ட்’ என்று பதிந்து வைத்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, சொல்லுங்க” என்றது எபியின் குரல்.

“சார், வந்துட்டாங்க.”

அவன் யார் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் போனை ஆன்ட்டியின் கையில் கொடுத்தாள்.

“எபி” என்றார் ஆன்ட்டி.

“அம்மா.”

அவன்தான் தொடர்ந்தான். “அங்கேயே இரும்மா. நான் இப்பவே கிளம்பி வர்றேன். டிராபிக் இல்லன்னா ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்.”

“வேண்டாம்ப்பா. நீ ஒரு தடவை வந்து நின்னது போதும். நான் வர்றேன். எங்க இருக்க?”

சிங்கப்பெருமாள் கோவில் என்றான். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“ஸ்நேகா இருக்காளா?”

“இருக்காம்மா. பக்கத்துலதான் நிக்கிறா.”

“கதவை அவளைத் திறக்கச் சொல்லு” என்றார் ஆன்ட்டி.

கிளம்பும்போது டப்பாவைத் திறந்து அந்தப் பெண்ணின் கை நிறைய முந்திரிக்கொத்து எடுத்துக் கொடுத்தார். அவள் போதும் போதும் என்றாள். பிறகு மூடியை அழுத்தி மூடினார். கதையில் வருகிற மனுஷர் பையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். ஆன்ட்டி மிச்சத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தாம்பரத்தில் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் விட்டுவிட்டு செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தோம். ஸ்டாண்டிலிருந்து போகிற வழியில் குப்பன் கடை பூட்டியிருந்தது. நாளைக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வண்டலூர் தாண்டும்போது பட்டாபிராமன் சாரிடமிருந்து செய்தி வந்தது. வெறும் கேள்விக்குறி. ‘நாம் சொன்னது தப்பு சார், திறந்தது வேறு ஆள். ஆனால் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று பதில் போட்டேன். அதற்கு அவர் எழுதியதை நான் ஆன்ட்டிக்குப் படித்துக் காட்டினேன்: ‘பிரதி கிடக்கட்டும். அந்தம்மா சாப்பிட்டாளா?’

ஆன்ட்டி சிரித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தையும் எல்லோருக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடு என்றார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, எபி சொன்ன அடையாளத்தை வைத்து நடந்தோம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. வெளி கேட் அகலமாகத் திறந்திருந்தது. வீட்டுக் கதவு மட்டும் மூடியிருந்தது. ஆன்ட்டி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு தட்டினார்.

ஸ்நேகாதான் திறந்தாள்.